சோதனை எண்

இந்தக் காலத்தில் யார் யாரிடம் வாய் திறந்து பேசுகிறார்கள்? பக்கத்து வீட்டில் சாவு என்றாலும் போனில் ஒரு கும்பிடு படத்தை அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று படுத்துவிடுகிறார்கள். பெரியவருக்கு இப்படிப்பட்ட ஜனங்களைக் கண்டாலே ஆகாது. லாரி ஓட்டிய காலத்தில் டீசல் முள்ளைக்கூட நம்பாமல் டாங்கிக்குள் குச்சி விட்டுப் பார்த்த மனிதர் அவர்.

ஒன்றை மட்டும் நம்பினார். கம்பெனி மகனைக் கடல் தாண்டிய கிளைக்கு அனுப்பியதிலிருந்து தினமும் காலையில் அந்தக் கம்பெனி எண்ணிலிருந்து ஒரு மிஸ்டு கால் வரும். மகன் பேசி மாதக்கணக்காகிறது. ஆனாலும் அந்த மணி அடித்தால், பிள்ளை உயிரோடு இருக்கிறான், அப்பனை மறக்கவில்லை என்று அர்த்தம். அதைக் கேட்ட பிறகுதான் பல் துலக்குவார்.

போன வாரம் மணி நின்றது. வீடு பேயறைந்த மாதிரி கிடந்தது. பொறுத்துப் பார்த்துவிட்டு, நேரே கம்பெனிக்கே போய்விட்டார்.

மகனுடைய பழைய இடத்தில் இப்போது ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். விவரம் கேட்டதும் அவள் முகம் சுருங்கிவிட்டது.

"ஐயா, அது உங்க பையன் இல்லைங்க. காலையில எங்க சர்வர் மெஷின் கிளம்பினதும், போன் போகுதான்னு பார்க்க ஒரு நம்பருக்கு அதுவே அடிக்கும். உங்க பையன் அதை அடிக்க வைக்கிற ஸ்கிரிப்ட்டுக்குள்ளேயே உங்க நம்பரை எழுதி வச்சிருந்தார். இப்போ அந்த மாதிரி விவரம் எல்லாத்தையும் வெளிய எடுத்து, ப்ராப்பர்ட்டீஸ் ஃபைல்னு தனிப் பட்டியல்ல வச்சுட்டேன். இப்போ சோதனை நம்பர் என்னுது."

"மறுபடி என் நம்பரையே போடும்மா."

"வெளியாள் நம்பர் போடக்கூடாதுங்க."

"அப்பன் வெளியாளா?"

அவள் கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினாள். ஒவ்வொரு வரியிலும் இந்தப் பக்கம் ஒரு பெயர், நடுவில் சமக்குறி, அந்தப் பக்கம் அதன் மதிப்பு. "பாருங்க" என்று ஒரு கட்டளையைத் தட்டினாள். மேசைமேல் அவள் போன் சிணுங்கி அடங்கியது. அவர் கையிலிருந்த போன் கல்லாகக் கிடந்தது.

"இப்போ நம்புறீங்களா?"

"உனக்கு அடிச்சது மெஷின். ஒத்துக்கறேன். எனக்கு அடிச்சது அவன்."

"ஐயோ, ரெண்டும் ஒண்ணுதாங்க! அவசரத்துல மனப்பாடமா தெரிஞ்ச நம்பரைப் போட்டிருப்பார்."

"மனப்பாடமா தெரிஞ்சிருக்கில்ல? அப்புறமென்ன?"

அவள் குரல் தணிந்தது. "நான் வேணா அவரை உங்களுக்குப் பேசச் சொல்றேங்க."

"வேண்டாம். சொல்லிக்கொடுத்துப் பேசுறதுக்கு அவன் கிளியா?"

லிஃப்டை ஒரு முறை முறைத்துவிட்டுப் படிக்கட்டில் இறங்கினார். படித்த பெண்தான், நல்ல பெண்தான். ஆனால் அவள் பெற்ற பிள்ளையா, அவளுக்கென்ன தெரியும்? எதற்கும் இருக்கட்டும் என்று போனின் சத்தத்தை முழுசாகக் கூட்டிக்கொண்டு தெருவில் நடந்தார்.