இரகசிய வாக்கு

கட்சிக்காரர் செய்த பிழை ஒன்றே ஒன்றுதான். ஐம்பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தியை வயலும் இல்லாமல் அடுப்பும் இல்லாமல் மூன்று நாள் சும்மா இருக்க விட்டுவிட்டார்கள். சும்மா இருந்த நேசமலர் யோசிக்கத் தொடங்கிவிட்டாள்.

கட்சியின் சபை உறுப்பினர் ஏழு பேரையும் அடைத்து வைத்திருந்தது நெளுக்குளத்தில், லண்டனில் இருக்கும் யாரோ கட்டிவிட்டுப் பூட்டிப்போட்ட மாடி வீட்டில். அடைத்து வைத்தது என்று சொன்னால் கட்சிக்காரருக்குக் கோபம் வரும். பாதுகாப்பாக வைத்திருக்கிறோம் என்பார்கள். பிரதேச சபையில் பதின்மூன்று உறுப்பினர்கள். கட்சிக்கு ஏழு, அரசாங்கக் கட்சிக்கு ஆறு. வியாழக்கிழமை சபைக்குத் தலைவரான தவிசாளர் தெரிவு. அதற்குள் ஒராளை அந்தப் பக்கம் இழுத்துவிட்டால் எல்லாம் தலைகீழ். அதனால்தான் கேற்றுக்குப் பெரிய பூட்டு, வாசலில் இரண்டு தடியன்கள், எல்லாருடைய கைபேசியும் ஒரு சொப்பிங் பைக்குள். மூன்று நேரமும் கடைச் சாப்பாடு வந்தது.

"கோழியைக் கூட்டுக்குள்ள விட்டுத் தீன் போடுற மாதிரியெல்லோ கிடக்கு" என்று முதல்நாளே நேசமலர் சொன்னாள். ஒருவரும் சிரிக்கவில்லை.

அவள் உறுப்பினரானதே ஒரு கூத்து. பட்டியலில் இத்தனை பெண்கள் இருக்கவேண்டும் என்று சட்டம். ஒரு பெண் குறைகிறது என்று மார்ச் மாதம் கனகலிங்கம் அவளுடைய படலையில் வந்து நின்றார். கட்சியின் பிரதேசப் பொறுப்பாளர், பிறகு தானும் வென்று இந்த ஏழு பேரில் ஒராளானவர், அவளைவிட ஐந்து வயது மூத்தவர்.

"ஒரு கையெழுத்துத்தான் நேசம். நீ ஒண்டும் செய்யத் தேவையில்லை. வெல்லவும் மாட்டாய்."

கனகண்ணை கேட்டு அவள் இல்லையென்று சொன்னது கிடையாது. போட்டாள். தேர்தல் முடிந்து, பட்டியலில் கிடைத்த ஆசனத்தைப் பெண்ணுக்குத்தான் கொடுக்கவேண்டும் என்று வந்ததும், கையெழுத்து அவளைக் கொண்டுபோய்ச் சபைக் கதிரையில் இருத்திவிட்டது.

இத்தனைக்கும் பதினேழு வயதில் தேர்தல் என்ற சொல்லே அவளுக்கு ஆகாது. அப்போது கனகண்ணைக்கு இருபத்திரண்டு. ஊரில் படித்த பெடியன், சைக்கிள் கரியரில் துண்டுப் பிரசுரத்தோடு திரிவார். தேர்தலில் நிற்பவன் எல்லாம் இனத்தை விற்பவன் என்று அவர் சொன்னால், அவளுக்கு அதற்கு மேல் வேதம் இல்லை. அவளுக்குக் கணக்குப் படிப்பித்த செல்வராசா மாஸ்டர் அந்த நாளில் ஒரு தேர்தலில் நிற்க நியமனப் பத்திரம் கொடுத்திருந்தார். நேசமலர் தாயின் குசினியில் கோதம்பமாப் பசை காய்ச்சினாள். கனகலிங்கம் எழுதினார். இரண்டு பேரும் போய் மாஸ்டரின் கேற்றில் ஒட்டினார்கள். துரோகி என்ற ஒரே சொல்தான். அந்தக் காலத்தில் அந்தச் சொல் ஒட்டிய வீட்டில் ஆர்தான் நித்திரை கொள்வார்கள்? மாஸ்டர் விலகிக்கொண்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடு இரவோடிரவாக ஊரைவிட்டே போனார். பிறகு ஊருக்கு வரவே இல்லை.

நாடு வேண்டும் என்ற அந்தப் பெட்டைதான், நாற்பத்து மூன்று வயதில் முள்ளிவாய்க்காலில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு மகனின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தபோது, இந்தப் பிள்ளை உயிரோடு இருந்தால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்றாள். இப்போது அவளுக்கு வேண்டியது ஒரு பாலம். பெரிய பாலம்கூட இல்லை. ஊர் றோட்டை அறுத்துக்கொண்டு ஓடும், வயல் தண்ணீர் வடிகிற கழிவு வாய்க்காலுக்கு மேல் ஒரு மதகு. மாரி பிறந்தால் அவளுடைய ஊர் தீவாகிவிடும். போன கார்த்திகையில் மருமகள் தனுஷாவுக்கு வலி வந்தபோது உழவு மெஷின் இழுக்கிற பெட்டியில் ஏற்றித்தான் வாய்க்காலைக் கடந்தார்கள். மெஷின் நடுத் தண்ணீரில் நின்றுவிட்டது. பேத்தி பெட்டிக்குள்ளேயே பிறந்தாள். நேசமலர் சேலைத் தலைப்பால் அவளைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, தெரிந்த தெய்வத்தையெல்லாம் ஏசினாள்.

தன் கட்சியின் தவிசாளர் வேட்பாளரான சட்டத்தரணியிடம் மதகைப் பற்றிக் கேட்டாள். "முதல்ல எங்கட உரிமையை எடுப்பம் அம்மா, பாலம் பிறகு வரும்" என்றார் அவர். அரசாங்கக் கட்சியின் வேட்பாளர் யதுர்ஷன், விஞ்ஞானம் படிப்பிக்கிற இளம் வாத்தியார். அவன் காற்சட்டையை மடித்துக்கொண்டு வாய்க்காலுக்குள் இறங்கி, நாடா பிடித்து அளந்துகொண்டு போனான். அளந்தவனெல்லாம் கட்டுவான் என்று நம்ப அவள் பச்சைப் பிள்ளை இல்லை. ஆனாலும் அளந்தானே!

இரண்டாம் நாள் பின்னேரம் அவளுக்கு வாய் சும்மா கிடக்கவில்லை. அறையில் கூட இருந்தது அருந்ததி. இருபத்தாறு வயது, கட்சியின் இளம் உறுப்பினர், கதைத்தால் நெருப்பு. அவளிடம் போய், "எனக்கெண்டா அந்த வாத்தியார் வந்தால் நல்லம் போல கிடக்கு" என்று சொல்லிவிட்டாள்.

அருந்ததி கட்டிலை விட்டு எழும்பிவிட்டாள். "என்ன அன்ரி கதைக்கிறியள்? அவங்களுக்கு வோட்டோ? செத்த சனத்துக்கு என்ன பதில் சொல்லுவியள்?"

"செத்தவையில என்ர மனிசனும் ஒராள் பிள்ளை. அவரும் அந்த வாய்க்காலைத் தாண்டித்தான் வயலுக்குப் போறவர்."

அருந்ததி நேரே கீழே இறங்கிப் போனாள். எங்கே போகிறாள் என்று நேசமலருக்கு விளங்கியது. பதினேழு வயதில் அவளும் அப்படித்தான் போயிருப்பாள்.

சற்று நேரத்தில் கனகலிங்கம் கூப்பிட்டார். வீட்டுக்குப் பின்னால் கிணற்றுக்கட்டில் இருந்தார். ஏசப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு போனவளைப் பக்கத்தில் இருக்கச் சொன்னார்.

"அந்தப் பிள்ளை சொல்லிப்போட்டுது" என்றார். "உனக்கு ஒண்டு சொல்லட்டோ நேசம்? பத்து வருசமா எனக்கும் அதுதான் யோசினை. அந்த வாத்தியார் வந்தால் நாலு றோட்டாவது வரும். எங்கட ஆள் வந்தால் நாலு தீர்மானம் வரும்."

நேசமலருக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. "அப்ப ஏன் அண்ணை எங்களைப் பூட்டி வைச்சிருக்கிறியள்?"

"என்னையும் சேத்துத்தானே பூட்டிக் கிடக்கு. நாப்பது வருசமா மேடையில ஒரு கதை கதைச்சவன். இனி மாத்திக் கதைச்சா என்னைச் சனம் என்னெண்டு கூப்பிடும்? மாஸ்டரின்ர கேற்றில ஒட்டினனாங்களே, அப்பிடித்தான்."

தேர்தலே கூடாது என்று இவளுக்குச் சொல்லித் தந்த மனிதர், இப்போது தேர்தலில் வென்றவர்களுக்குக் காவல் இருக்கிறார். காவல் இருக்கிற காரியத்தில் அவருக்கே நம்பிக்கை இல்லை. அவளுக்கு அவர்மேல் கோபம் வந்தது, கூடவே பாவமாகவும் இருந்தது.

"கவனமாக் கேள்" என்றார். "பகிரங்க வாக்கெடுப்போ, இரகசிய வாக்கெடுப்போ எண்டு முதல் கேப்பினம். நாங்கள் ஏழு பேரும் பகிரங்கத்துக்குக் கை தூக்கவேணும். பிறகு ஆரும் மாறேலாது. நீ தூக்காட்டி உள்ள சனம் எல்லாத்துக்கும் விளங்கிப்போடும்."

"அப்ப இரகசியமாப் போடவேணுமெண்டால் அதைப் பகிரங்கமாத்தான் கேக்கவேணுமோ?"

"ஓம்."

"நல்ல சட்டம்" என்று சொல்லிவிட்டு எழும்பினாள்.

வியாழக்கிழமை காலை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சபை முற்றத்தில் கட்சிப் பெடியள் ஐம்பது அறுபது பேர் நின்றார்கள். மாலையும் இருந்தது, வெடியும் இருந்தது. உள்ளே மண்டபத்தில் மின்விசிறி இரைந்தது. உள்ளூராட்சி அலுவலகத்திலிருந்து வந்த பெண் அதிகாரி விதியை வாசித்துவிட்டுக் கேட்டார். "பகிரங்க வாக்கெடுப்பை விரும்புபவர்கள் கையை உயர்த்துங்கள்."

கனகலிங்கத்தின் கைதான் முதலில் உயர்ந்தது. அருந்ததி, சட்டத்தரணி, மற்றவர்கள் என்று வரிசையாக உயர்ந்தன. நேசமலரின் கை மடியில் கிடந்தது. மகன் நிருஷன் கடைவைத்திருக்கிற சந்தி நினைவில் வந்தது. கோயிலில் ஆர் தன்னோடு கதைப்பார்கள் என்று நினைத்தாள். தூக்கிவிட்டால் வீட்டுக்குப் போகலாம், மாலையும் விழும், அடுத்த மாரிக்கும் உழவு மெஷின் பெட்டி இருக்கிறதுதானே. அந்தக் கடைசி நினைப்புத்தான் அவளைப் பிடித்து வைத்தது. கை அசையவில்லை.

"ஆறு" என்றார் அதிகாரி. "இரகசிய வாக்கெடுப்பை விரும்புபவர்கள்?"

எதிர்ப்பக்கத்து ஆறு கைகளோடு அவள் கையும் உயர்ந்தது. அருந்ததி அவளைத் திரும்பிப் பார்த்தாள். கனகலிங்கம் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

துண்டுகளைக் கொடுத்தார்கள். ஒவ்வொருவராக மூலையில் மறைப்புக்குப் பின்னால் போய்ப் புள்ளடி இட்டு, மடித்துப் பெட்டியில் போட்டார்கள். கனகலிங்கம் மறைப்புக்குப் பின்னால் கனநேரம் நின்றார். திரும்பி வந்தபோது லேஞ்சியால் முகத்தைத் துடைத்தார்.

அதிகாரி எண்ணினார். யதுர்ஷன் எட்டு. சட்டத்தரணி ஐந்து.

வெளியே செய்தி இவர்களுக்கு முன் போய்விட்டது. நேசமலர் படியில் இறங்கும்போதே கூச்சல் தொடங்கியது. அந்தச் சொல்தான். அவள் பேரோடு சேர்த்துக் கத்தினார்கள். ஒருவன் மாலையைப் பிய்த்து அவள்மேல் எறிந்தான். நாலைந்து கைபேசிகள் அவளுடைய முகத்துக்கு முன்னால் நீண்டன. கனகலிங்கம் படியின் மேல் நின்று கையை உயர்த்திக் கூட்டத்தை அடக்கினார்.

"எங்களிட்ட ஏழு பேர் இருந்தம்" என்றார், மேடைக் குரலில். "ஆறு பேர் இனத்தோட நிண்டம். ஒரே ஒரு துரோகியால தோத்தம்!"

ஏழில் ஒன்று போனால் ஆறு. பெட்டிக்குள் இருந்தது ஐந்து. அவ்வளவு சனத்தில் ஒருவரும் கணக்குப் பார்க்கவில்லை. ஏச ஒராள் கிடைத்த பிறகு கணக்கு ஆருக்கு வேண்டும்? எண்ணிப்பாருங்கோடா என்று ஒரு சொல் சொன்னால் போதும். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். கனகண்ணை அவளைப் பார்த்தார். கிழவர் லேஞ்சியை எடுத்து மறுபடியும் முகத்தைத் துடைத்தார். விரல் நீட்டுவது எவ்வளவு சுகமான வேலை என்று பதினேழு வயதிலேயே கண்டவள் அவள். வாயை மூடிக்கொண்டு கூட்டத்தை விலக்கி நடந்தாள். முதுகில் ஒரு தண்ணீர்ப் போத்தல் வந்து விழுந்தது.

பஸ் தரிப்பிடத்தில் தனியே நின்றபோது பின்னால் யாரோ ஓடி வந்தார்கள். அருந்ததி. மூச்சு வாங்கிக்கொண்டு, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சின்னக் குரலில் கேட்டாள்.

"அன்ரி, எங்கட பக்கம் ஆறெல்லோ வரவேணும்? ஏன் ஐஞ்சு வந்தது? மற்றது ஆர்?"

நேசமலர் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். கேள்விதான் கேட்டது, இன்னும் யாரிடமும் ஓடவில்லை.

"அதைக் கேக்காத பிள்ளை. ஒராளெண்டால் சனம் ஏசிப்போட்டு வீட்டை போகும். ரெண்டு பேரெண்டால் மற்ற ஆளைத் தேட வெளிக்கிடும்."

"அப்ப நீங்கள்? ஊருக்குள்ள எப்பிடி இருக்கப்போறியள்?"

தூரத்தில் பஸ் தெரிந்தது. நேசமலர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"ஊருக்குத்தான் போறன். எனக்கு வேற எங்க பிள்ளை போறது?"