வெறும் நாண்

ஊர் வாசலில் வரிசை நகர நகர ஹாமண்ட் மூட்டையோடு முன்னேறினான். முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராகச் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

முன்பெல்லாம் பிரான்சின் வடக்கே பிக்கார்டிப் பக்கத்து ஊர் வாசல்களில் காவலர்கள் மூட்டையைத்தான் பிரிப்பார்கள். இங்கிலாந்து வில்லாளிகள் பிரான்சுப் படையை நொறுக்கிய கிரெசிச் சண்டைக்குப் பிறகு ஆளைப் பிரிக்கிறார்கள். குதிரையும் இல்லாத, குலமும் இல்லாத இங்கிலாந்துக் குடியானவன் ஒருவன் வயலுக்கு அந்தப் பக்கத்தில் நின்றுகொண்டே இரும்புச் சட்டை போட்ட பிரபுவைச் சாய்த்ததை இவர்களால் செரிக்க முடியவில்லை. பிடிபட்டவன் பிரபுவென்றால் சோறும் மதுவும் கொடுத்து மீட்புப் பணம் பேசுவார்கள். வில்லாளிக்கு யார் பணம் தருவார்கள்? முதலில் விரலை வெட்டுவார்கள், பிறகு தொங்கவிடுவார்கள். அவசரமென்றால் விரலை விட்டுவிடுவார்கள்.

ஹாமண்ட் இங்கிலாந்தின் செஷயர் வட்டாரத்து வில்லாளி. தீனி தேடிப் போன கூட்டம் சிதறியதில் தனியாக மாட்டிக்கொண்டு வைக்கோல் கொட்டகையில் கிடந்தவனை ஃபிளாண்டர்ஸ் துணி வியாபாரி கில்லிஸ் கண்டெடுத்தார். அவருடைய சுமைக்காரன் பயத்தில் ஓடிப்போயிருந்தான். கலே துறைமுகமோ இங்கிலாந்துக்காரர்கள் கையில். அவர்களுடைய ஆளைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தால் துணி தானாக விற்கும். பேச்சில் இங்கிலாந்து வாடை அடிக்குமென்று ஹாமண்டை ஊமையாக நடிக்கச் சொல்லி, விரல் காய்ப்பு போகச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்துத் தேய்த்து, வண்டியைக் கிளப்பினார். ஆற்றைக் கடக்க இந்த ஊர்ப் பாலம் தவிர வேறு வழி இல்லை.

ஹாமண்டின் சட்டை கழன்றது. வலது தோள் இடதைவிடப் புடைத்து நின்றது.

"மூட்டை தூக்கறவன் தோள் வேற எப்படிங்க இருக்கும்? வாத்துக் கழுத்து மாதிரியா?" என்றார் கில்லிஸ். காவலர்கள் சிரித்தார்கள். அவர்களுடைய தலைவன் கோபேர் சிரிக்கவில்லை. உள்ளே போய், எங்கோ பறித்த இங்கிலாந்து வில்லொன்றை நாணேற்றிக் கொண்டுவந்து நீட்டினான். அம்பு தரவில்லை.

"இழு."

ஹாமண்ட் வில்லை வாங்கிக்கொண்டான். அவன் ஊரில் வில்லைக் கையால் இழுப்பதில்லை. முதுகையும் இடுப்பையும் வில்லுக்குள் கொடுத்து வளைப்பார்கள். அதைச் செய்தால் கதை முடிந்தது. ஆகவே விறைப்பாக நின்று, கைப்பலத்தை மட்டும் கொண்டு இழுத்தான். நாண் பாதி தூரம்கூட வரவில்லை. காவலர்கள் விலா நோகச் சிரித்தார்கள்.

இனி விட வேண்டியதுதான் பாக்கி. விடு, விடு என்று தனக்குள் கத்தினான். விரல்கள் கேட்கவில்லை. அம்பில்லாமல் நாணை விட்டால் வில் பிளந்துவிடலாம். வில் பிளந்தால் போர்க்களத்தில் வில்லாளி பிணம். நடக்கப் பழகிய நாளிலிருந்து கைக்குள் ஊறிய பயம் அது. தூங்கும் குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல நாணை மெல்ல இறக்கினான்.

இறக்கிய பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது.

கோபேர் பழைய குறுக்குவில்காரன். வெறும் நாணை விடக் கூடாது என்பது அவனுக்கும் தெரியும். வில்லைத் திரும்ப வாங்கிக்கொண்டான்.

"என் ஆளுங்ககிட்டயும் குடுத்துப் பாத்தேன். அத்தனை பேரும் பட்டுனு விட்டு மணிக்கட்டுல அடி வாங்கினானுங்க. நீ மட்டும் எறக்கி வெக்கிறே."

சிரிப்பு நின்றது. கில்லிஸ், பயந்த சுபாவம் என்று ஆரம்பித்தவர், கோபேரின் முகத்தைப் பார்த்ததும் சரக்கை மாற்றி, இவனை வழியில்தான் சேர்த்துக்கொண்டேன், ஊர் பேர் எதுவும் தெரியாது என்றார்.

கோபேர் ஹாமண்டைச் சுவரோரம் தள்ளிக்கொண்டுபோய்க் குரலைத் தாழ்த்தினான்.

"ஊமைன்னா இப்பவே கயிறு. பேசுவேன்னா ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க," என்றான் ஹாமண்ட். இத்தனை நாள் கழித்து வந்த குரல் அவனுக்கே யாருடையதோபோல் இருந்தது.

"போன சண்டைல நாங்க மறுபடி ஒரு அம்பு ஏத்தறதுக்குள்ள உங்காளுங்க ஆறு ஏழு விட்டானுங்க. எங்காளுங்கள்ல பாதிப் பேர் திரும்பி வரல. நீங்க மறுபடி வருவீங்கன்னு தெரியும்." அவன் கண்ணிலும் ஹாமண்டுக்குத் தெரிந்த அதே பயம்தான். "என் ஆளுங்களுக்கு இதைக் கத்துக்குடுக்க எவ்வளவு நாளாகும்?"

ஹாமண்ட் காவலர்களைப் பார்த்தான். எலும்பு முற்றிய ஆட்கள். செஷயரில் பிள்ளை வளர வளர வில்லையும் பெரிதாக்கி, ஞாயிறு தவறாமல் இழுக்கவைத்து, எலும்பையே அதற்கேற்ப வளைத்தெடுப்பார்கள். இவர்களுக்கு இந்த ஜென்மத்தில் வராது. அந்த உண்மையைச் சொன்னால் கயிறு. பின்னால் கில்லிஸ் இருமினார். விலை கேட்கும்போது மௌனம் சாதிப்பவன் கெட்டான் என்று எச்சரிக்கும் இருமல்.

"பனி விழறதுக்குள்ள," என்றான்.

"பனி விழறதுக்குள்ள." கோபேர் அதைத் திருப்பிச் சொன்ன விதத்தில் பேரம் படிந்துவிட்டது. பனி விழும்போதும் அவர்களுக்கு வில் வராவிட்டால் என்ன என்பதை இருவருமே சொல்லவில்லை.

கில்லிஸின் வண்டி திரும்பிப் பார்க்காமல் பாலமேறிப் போனது. மதியமே முதல் ஆளை அனுப்பினார்கள்: கட்டுமஸ்தான தச்சன் ஒருவன். மூச்சைப் பிடித்து இழுத்தான். நாண் மார்புவரைகூட வரவில்லை.

"சரியா வருதா, வாத்தியாரே?" என்று மூச்சிரைக்கக் கேட்டான் தச்சன்.

"ரொம்ப நல்லா வருது," என்றான் ஹாமண்ட். அறுத்து முடிந்த வயல்களின் மேலே வடக்கிலிருந்து மேகம் ஏறிக்கொண்டிருந்தது. அவன் கண் அதைவிட்டு அகலவில்லை.