ஐந்தாவது கூடத்தின் இடது கால்கள்

கட்டடத்துக்குச் சொந்தக்கார அம்மா பத்திரத்தை எடுத்து அவள் முன்னால் மேஜைமேல் வைத்தார். ஒன்பது வருட வாடகை ஒப்பந்தம். அதற்கு ஈடு, அவள் பெயரில் இருக்கும் வீடு. கையெழுத்துப் போட வேண்டியவளும் அவள்தான்.

"திறப்பு விழா முடியட்டும்மா, நிதானமாப் போடுங்க" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா சோபாவில் சாய்ந்துகொண்டார்.

பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங் கூடம் இது. அவள் கணவனுக்கு ஐந்தாவது. முதல் கூடத்தில் ஆறு பாதைகளில் மூன்று ஓடவில்லை. இரண்டாவதில் ஆள் வந்தால்தான் ஏசி போடுவார்கள். ஏசி இருந்தால்தான் ஆள் வரும். மூன்றாவதில் வேலைக்காரர்களே தங்களுக்குள் ஆடிக்கொள்கிறார்கள். நான்காவதைப் பற்றி வீட்டில் பேச்சே எடுப்பதில்லை.

"உண்மையைச் சொல்லுங்க, நம்மால முடியுமா?" என்று மூன்று மாதமாக அவனிடம் கேட்கிறாள்.

"இது ஒண்ணு பிச்சுக்கிட்டுப் போச்சுன்னா அந்த நாலையும் தூக்கி நிறுத்திடும். நீங்க கவலைப்படாதீங்க மேடம்."

பயம் வந்தால்தான் அவளை மேடம் என்பான். இந்த வாரம் முழுக்க மேடம்தான்.

வெளியே ரிப்பன் வெட்டி, கூட்டம் கலகலவென்று உள்ளே நுழைந்தபோது கொழுந்தன் வந்து அவள் காதருகே குனிந்தான்.

"அண்ணி, கொஞ்சம் வாங்களேன். ஷூ எல்லாம் ஒரே மாதிரி இருக்கு."

"ஒரே மாதிரிதானே இருக்கணும்?"

"அப்படி இல்ல அண்ணி. எல்லாமே இடது கால்."

ஆட வருபவர்களுக்கு இரவல் கொடுக்கும் ஷூ ரேக்கைப் பார்த்தாள். எண்பது ஷூக்கள். எண்பதும் இடது.

"புது ஷூ வாங்கியாச்சுன்னு உங்க அண்ணன் சொன்னாரே?"

"அப்படியா சொன்னாரு?" என்று அவன் கூரையை ஆராய்ந்தான். "முதல் கடை ரேக்ல இருக்கிறதை எல்லாம் வேன்ல ஏத்துடான்னாரு. ஏத்தினேன்."

அவளுக்குச் சிரிப்பு முட்டியது. முன்பு ஆட வந்தவர்கள் ஷூவோடு வீட்டுக்கு நடையைக் கட்டியதால், ரேக்கில் இடது கால் மட்டும் என்று சட்டம் போட்டவளே அவள்தான். சொந்தச் செருப்பைக் கொடுத்தால்தான் வலது கால் கிடைக்கும். வலது கால்கள் எல்லாம் முதல் கூடத்து அலமாரியில், போய்வர மூன்று மணி நேரத் தொலைவில்.

விஷயம் கேட்ட கணவனின் முகம் வெளுத்தது. "மேடம்..." என்று ஆரம்பித்து, அவள் கண்களைப் பார்த்ததும் நிறுத்தினான். பிறகு என்ன தோன்றியதோ, கவுன்ட்டர்மேல் ஏறி நின்றுவிட்டான்.

"எல்லாரும் மன்னிக்கணும்! எங்ககிட்ட இடது கால் ஷூ மட்டும்தான் இருக்கு. புதுசு வாங்கல. இந்தப் பந்து ரெண்டாவது கடையோடது. லைட்டு மூணாவது கடையோடது. அம்மா, நீங்க உக்காந்திருக்கிற சோபா நாலாவது கடையோடது."

"அப்போ அங்க வர்றவங்க எங்க உக்காருவாங்க?" என்றார் கட்டடக்கார அம்மா.

"அங்க யாரும் வர்றதில்லம்மா."

கூடமே வெடித்துச் சிரித்தது. "வெறுங்கால்ல ஆடினா ஆகாதா?" என்று யாரோ கேட்க, செருப்புகள் சுவரோரம் மலையாகக் குவிந்தன. நான்கு கூடங்களின் வேலைக்காரர்களும் இங்கேதான் இருந்தார்கள். அப்படியும் கை போதவில்லை. கட்டைகள் சாயும்போதெல்லாம் கூரை அதிர்ந்தது.

அவள் பத்திரத்தை எடுத்துக்கொண்டு சோபாவுக்குப் போனாள். கணவன் பின்னாலேயே வந்தான், தலையைத் தொங்கப்போட்டபடி.

"அம்மா, இதுல கையெழுத்துப் போட மாட்டேன். வீட்டை வைக்க மாட்டேன். எங்ககிட்ட இருக்கிற சாமான் சரியா ஒரு கடைக்குத்தான் காணும். அதனால கடையும் ஒண்ணு போதும். அந்த நாலையும் மூடிட்டு, எங்க ஆளுங்களோட இங்க வந்துடறோம். மாசா மாசம் வாடகை. சம்மதமா?"

"நீயா முடிவு பண்ணிட்டியா?" என்று கணவன் முணுமுணுத்தான்.

"இன்னைக்குத்தானே நீங்க உண்மை சொன்னீங்க! அதுக்கப்புறம் முடிவு பண்ண எவ்வளவு நேரம் ஆகும்?"

கட்டடக்கார அம்மா கூட்டத்தைப் பார்த்தார். ஒரு வருடமாகப் பூட்டிக் கிடந்த கட்டடம். பத்திரத்தை வாங்கி மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"சம்மதம். ஆனா ஒரு நிபந்தனை. எனக்கு இதை எப்படி உருட்டறதுன்னு யாராவது சொல்லித் தரணும்."

அந்த அம்மாவின் முதல் பந்து பாதையோரப் பள்ளத்தில் விழுந்து ஓடியது. அதற்கும் கைதட்டல்.

"நாலு கடை போச்சே, உனக்கு வருத்தமா இல்லையா?" என்றான் அவன் மெதுவாக.

அவள் செருப்பைக் கழற்றிச் சுவரோரம் தள்ளிவிட்டு, இருப்பதிலேயே கனமான பந்தைக் கையில் எடுத்தாள்.

"தள்ளி நில்லுங்க. அடுத்தது நான்."