லிஃப்ட்காரிக்கு இன்னொரு சுற்று

அக்கா விழுந்தது வியாழக்கிழமை சாயங்காலம். சைக்கிளிலிருந்து விழுந்திருந்தாலாவது ஒரு கௌரவம் உண்டு. குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை சைக்ளோகிராஸ் பந்தயம். அவளுடைய கிளப்பின் பெண்கள் அணியில் இருப்பதே நாலு பேர்தான். நாலு பேரும் பந்தயத்தை முடித்தால்தான் அடுத்த வருஷம் அணி என்று ஒன்று இருக்கும். அக்கா ஒவ்வொருத்தியாகக் கெஞ்சிக் கூத்தாடிச் சேர்த்த அணி அது.

"நீ ஓட்டுடி," என்றாள், கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு.

தங்கைக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. வேலையிடத்தில் எல்லாருக்கும் அவள் லிஃப்ட்காரிதான். தினமும் சைக்கிளில் வேலைக்குப் போவாளே தவிர, பந்தயம் என்று ஒன்றில் இதுவரை தலைகாட்டியதில்லை.

"சரி. என்ன பண்ணணும்னு சொல்லு."

தலைக்கனம் என்று நினைக்க வேண்டாம். பாதி வழியில் நின்ற லிஃப்டுக்குள் ஆட்கள் கத்திக்கொண்டிருக்கும்போது, செய்யலாமா வேண்டாமா என்று நகத்தைக் கடிப்பவள் அந்த வேலையில் நிலைக்க முடியாது.

அக்கா விளக்கினாள். புல், சேறு, மணல், நடுநடுவே குறுக்குப் பலகை. ஓட்ட முடிகிற இடத்தில் ஓட்ட வேண்டும். முடியாத இடத்தில் இறங்கி, சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓட வேண்டும். பிறகு ஓடுகிற ஓட்டத்திலேயே தாவி ஏற வேண்டும். முதலில் போகிறவள் நம்மை ஒரு முழுச் சுற்று முந்திவிட்டால், விசில் ஊதி வெளியே அனுப்பிவிடுவார்கள். முடித்தவர்கள் கணக்கில் அப்புறம் பேர் வராது.

"கடைசியா வந்தாலும் பரவால்ல. அவ உன்னை முந்தாம பாத்துக்கோ, அது போதும்."

வெள்ளியும் சனியும் வேலை முடிந்ததும் இருவரும் பூங்காவுக்குப் போனார்கள். லிஃப்ட்காரி பலகையில் இடித்து இடித்து முழங்காலைக் கன்றிப்போக வைத்தாள். தாவி ஏறும்போது சீட்டில் உட்காருவதற்குப் பதில் சீட்டின் மேல் குப்புற விழுந்தாள். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள், சிரித்ததில் கை வலித்தது, வலித்தும் சிரித்தாள்.

சைக்கிளைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஓடச் சொன்னபோதுதான் சிரிப்பு நின்றது. தங்கை ஓடிய ஓட்டம் அப்படி. அவள் குடியிருப்பது நாலாவது மாடி. அந்தக் கட்டடத்து லிஃப்ட் நின்று மாதக்கணக்காகிறது. அது வேறு கம்பெனியின் பொறுப்பு, இவள் கை வைக்கக் கூடாது. ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் ஓடவிட்டு வந்து, தன் வீட்டுக்குச் சைக்கிளைச் சுமந்துகொண்டு படியேறுகிறவள் அவள். எரிச்சலில் ஏறி ஏறி, ஓட்டமாகவே ஏறப் பழகிவிட்டாள். மேலே கணவன் கதவைத் திறந்து பிடித்தபடி நிற்பார். மூன்றாம் மாடிக்கு அவள் வந்ததும், "இன்னும் ஒரே மாடிதான்," என்று தினமும் குரல் கொடுப்பார்.

கிளம்பும்போது அக்கா தன் பந்தய சைக்கிளின் டயரில் காற்றை நன்றாக இறக்கி, வீட்டுக்கு எடுத்துப்போகச் சொன்னாள். "பெருவிரலால அமுக்குனா உள்ள போகணும். அப்பதான் சேத்தைப் பிடிக்கும்."

ஞாயிற்றுக்கிழமை விசில் ஊதியதும் லிஃப்ட்காரி சிட்டாய்ப் பறந்தாள். முதல் வளைவிலேயே சேற்றில் விழுந்தாள். அடுத்த வளைவிலும் பின்சக்கரம் தனியாக ஒரு பக்கம் போயிற்று. சந்தேகம் வந்து டயரை அமுக்கினாள். கல் மாதிரி இருந்தது. பிரேக்கைச் சோதிக்காமல் எந்த லிஃப்டிலும் கால் வைக்காதவள், இன்று டயரைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் ஏறியிருக்கிறாள். தன்னைத்தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

வேலியோரம் கணவன் நின்றிருந்தார். பஸ் டிரைவர். டயரைத் தட்டிப் பார்க்காமல் டிப்போவிலிருந்து வண்டியை எடுத்ததே கிடையாது.

"டயரு தொளதொளன்னு கெடந்துச்சு," என்றார் பெருமையாக. "காலைல நான்தான் நல்லா காத்தடிச்சு வச்சேன்."

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் கோபித்துக்கொள்ளவும் நேரம் வேண்டுமே. நின்றாள். வால்வைத் திறந்து நகத்தால் அழுத்தினாள். காற்று சீறிக்கொண்டு வெளியேற, பின்னால் வந்தவர்கள் எல்லாரும் அவளைத் தாண்டிப் போனார்கள். தூரத்தில் அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"இது பஸ்ஸு இல்லீங்க," என்றாள் லிஃப்ட்காரி. அவர் முகம் சுண்டிப்போயிற்று.

அதற்குப் பிறகு டயர் சேற்றைக் கவ்விப் பிடித்தது. பலகைகளை இடிக்காமல் தாண்டினாள். மூச்சு வாங்கியது, ஆனால் பயம் வரவில்லை. இழந்த நேரம் மட்டும் திரும்பி வரவில்லை. சுற்றுக்குச் சுற்று, எல்லாருக்கும் முன்னால் போன முதல்காரி இவளுக்குப் பின்னால் நெருங்கிக்கொண்டே வந்தாள். முதல்காரியின் கடைசிச் சுற்று முடிய ஒரு மேடுதான் பாக்கி இருந்தபோது, அவளுடைய சங்கிலிச் சத்தம் லிஃப்ட்காரியின் காதுக்குப் பின்னாலேயே கேட்டது. மேட்டைத் தாண்டினால் கோடு. அதற்குமுன் அவள் முந்திவிட்டால் அக்காவின் அணி அதோடு சரி.

லிஃப்ட்காரி இறங்கினாள். சைக்கிளைத் தோளில் மாட்டினாள். நிமிர்ந்து பார்த்தால் மேட்டின் உச்சியில் கணவன். எப்போது அங்கே ஓடினாரோ, சட்டையெல்லாம் வியர்வை.

"இன்னும் ஒரே மாடிதான்," என்றார்.

அவளுக்குக் கோபமெல்லாம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. வீட்டுப் படியில் ஏறுகிற மாதிரியே ஏறினாள். பின்னால் கேட்ட மூச்சுச் சத்தம் தேய்ந்து கீழே தங்கிவிட்டது. உச்சியில் தாவினாள்; இந்தத் தடவை சீட்டில்தான் உட்கார்ந்தாள். முதல்காரிக்கு முன்னால் கோட்டைத் தாண்டினாள்.

விசில் வைத்திருந்தவர் ஊதவில்லை. "உங்களை யாரும் முந்தல," என்றார். "ஆனா முதல்ல வந்தவங்களுக்குத்தான் முடிஞ்சுது, உங்களுக்கு இன்னும் ஒரு சுத்து பாக்கி இருக்கு. போங்க."

பின்னால் வருகிற மற்றவர்கள் இனி ஒவ்வொருத்தியாக முடித்துவிட்டு ஸ்வெட்டரை மாட்டிக்கொள்வார்கள். அந்தச் சேறு முழுக்க இனி அவள் ஒருத்திக்குத்தான். அக்கா உடைந்த கையை மறந்து கை தட்டப்போய் வலியில் துள்ளினாள். கணவன் மேட்டிலிருந்து இறங்கி வர அடியெடுத்து வைத்தார்.

"ஏங்க, அங்கயே நில்லுங்க," என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னாள் லிஃப்ட்காரி. "இதோ வந்துர்றேன்."