பவளம் பிடுங்கிய கேபிள்

புதன்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு, ஃபிரிஸ்கோ ஆபீசின் சர்வர் ரூமில், பவளம் செய்யக்கூடாத ஒரு காரியத்தைச் செய்தாள். தெரிந்தேதான் செய்தாள். பேக்கப் பெட்டியின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினாள், பவரை அணைத்தாள், அதன் இரும்புக் கதவில் சந்தனமும் குங்குமமும் வைத்து, கண்ணை மூடிக் கும்பிட்டாள். ஆயுத பூஜை ஆயிற்றே! மறுநாள் விஜயதசமி. காலையில் வந்து திரும்ப மாட்டிவிட்டால் போயிற்று.

அந்தப் பெட்டி லேசுப்பட்டதில்லை. ஃபேர்வெதர் மீடியா என்கிற அவள் கம்பெனிக்கு நாடு முழுக்க நாற்பத்தோரு ஊர்களில் தினசரிப் பேப்பர். அத்தனை பேப்பருக்கும் வேண்டிய சமாச்சாரமெல்லாம் தினம் அந்தப் பெட்டியில் ஒரு நகல் ஏறும். நியூஜெர்சி தலைமை ஆபீசில் இன்னொரு நகல், கிளவுடில் மூன்றாவது. ஒரு நாள்கூட நகல் நிற்கக்கூடாது என்பது கம்பெனிச் சட்டம்.

போன வருஷமும் இப்படித்தான் பிடுங்கி வைத்து மாட்டிக்கொண்டாள். மேனேஜர் சிவகரன் யாழ்ப்பாணத்துக்காரர், சட்டம் என்றால் ஒரு புள்ளி நகரமாட்டார். "கோயிலுக்குப் போய் எவ்வளவு வேணுமெண்டாலும் கும்பிடுங்கோ பவளம். கம்பெனிச் சாமானை நிப்பாட்டாதேயுங்கோ" என்று சொல்லிவிட்டு, கையோடு மெமோவும் கொடுத்தார். இன்னொரு தடவை நடந்தால் வேலை போய்விடும் என்று அதில் கொட்டை எழுத்தில் இருந்தது.

அப்புறமும் ஏன் செய்தாள் என்றால், அவள் அப்படித்தான். கோயமுத்தூர் கணபதியில் அவள் அப்பாவுக்கு லேத் பட்டறை. எப்பேர்ப்பட்ட ஆர்டர் இருந்தாலும் ஆயுத பூஜையன்றைக்கு மெஷின் ஓடாது. "வருசம் பூராம் மூச்சு விடாம ஓடுது. ஒரு நாள் லீவு குடுத்தா குடி முழுகிடுமாக்கும்!" இதுதான் அவள் கட்சி. இதில் பெரிய தத்துவமெல்லாம் கிடையாது. ஓட்டினால் அவளுக்கு மனசு கேட்காது, அவ்வளவுதான்.

வியாழக்கிழமை காலை ஆறரைக்கு சிவகரன் போன் பண்ணினார். "உடனே வாங்கோ. எல்லாம் போச்சு."

போய்ப் பார்த்தால், நாசமாய்ப் போகிறவர்கள், எந்தக் கம்ப்யூட்டரைத் திறந்தாலும் ஒரே அறிவிப்பு. உங்கள் ஃபைல் அத்தனையையும் பூட்டிவிட்டோம், சாயங்காலம் ஆறு மணிக்குள் கேட்ட பணத்தைக் கொடுத்தால் சாவி வரும், இல்லாவிட்டால் சாவியை அழித்துவிடுவோம். நாற்பத்தோரு ஊரிலும் வேலை நின்றுபோயிருந்தது. நாளைக்குப் பேப்பர் வராது.

கான்ஃபரன்ஸ் ரூம் திரையில் நியூஜெர்சியிலிருந்து கம்பெனித் தலைவி டோனா. பக்கத்துக் கட்டத்தில் மில்பிடாஸ் ஊரிலிருந்து, செக்யூரிட்டி கம்பெனியின் ஸ்ம்ருதி. இந்த மாதிரித் திருட்டுகளைத் துருவிக் கண்டுபிடிப்பதே அவள் வேலை.

"நியூஜெர்சி நகலும் பூட்டியாச்சு, கிளவுடும் பூட்டியாச்சு. ஃபிரிஸ்கோ பெட்டி?" என்று கேட்டாள் ஸ்ம்ருதி.

சிவகரன் லிஸ்டைப் பார்த்தார். 'தொடர்பு இல்லை' என்று சிவப்பில் இருந்தது. "அதுவும் போயிட்டுது" என்றார்.

டோனா கண்ணாடியைக் கழற்றினாள். "அப்படியானால் கொடுத்துத் தொலைக்க வேண்டியதுதான்."

பவளத்துக்குத் தெரியும்: பெட்டி போகவில்லை! கேபிள் இல்லாமல், கரண்ட் இல்லாமல், குங்குமப் பொட்டோடு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கிறது. அந்த ரூமில் இது தெரிந்த ஒரே ஆள் அவள்தான். ஆனால் சொன்னால் வேலை போகும். வேலை போனால் விசா போகும். அறுபது நாளில் வேறு வேலை கிடைக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். கிரீன் கார்டு க்யூவில் பதினோரு வருஷம் நின்றாயிற்று. மகள் வெண்பா ஹைஸ்கூலில் கடைசி வருஷம்.

வெளியே வந்து புருஷனுக்கு போன் போட்டாள். நஞ்சுண்டன் முழுசாகக் கேட்டுவிட்டு, "வாயத் தொறக்காத பவளம்" என்றான். "யாரும் உன்னைக் கேக்கல இல்ல? பேசாம போய் கேபிளை மாட்டிட்டு வந்துரு."

"மாட்டுனா அடுத்த நிமிசமே அதையும் பூட்டிருவானுங்க! திருட்டுப்பய இன்னும் உள்ளயேதான் உக்காந்திருக்கான்."

"அப்ப விடு. பணம் அவங்க பணம். நம்ம பொழப்பு நமக்கு."

அவன் சொல்வதில் தப்பில்லை என்பதுதான் அவளை இன்னும் எரிச்சல்படுத்தியது. சும்மா இருந்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் கையில் சாவியை வைத்துக்கொண்டு, வீடு எரிவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது என்ன பிழைப்பு? "சாமி கும்புட்டதை மறைச்சு வாழோணும்னு எனக்கு ஒண்ணும் தலையெழுத்து இல்லீங்க" என்று சொல்லி போனை வைத்தாள்.

உள்ளே போய், உட்காராமலே சொன்னாள். "ஃபிரிஸ்கோ பெட்டி நல்லா இருக்கு. நேத்து சாயங்காலம் நான்தான் கேபிளைப் பிடுங்கி வச்சேன்."

சிவகரன் முகத்தில் ஈயாடவில்லை. "திருப்பியுமோ, பவளம்?" என்று மெல்லக் கேட்டார்.

"திருப்பியும்தான்."

அடுத்த நொடி மனிதர் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினார். சர்வர் ரூமுக்குள் பாய்ந்து, தொங்கிக்கொண்டிருந்த கேபிளைக் கையில் எடுத்தும்விட்டார். பின்னாலேயே ஓடிவந்த பவளம் குறுக்கே நின்றாள்.

"தொடாதீங்க!"

"விடுங்கோ, நேரமில்லை!"

"மாட்டுனீங்கன்னா இதுவும் போயிரும். எம்மேல என்ன கோவமோ அப்புறமா காட்டுங்க. இப்போதைக்கு அந்தக் கேபிளைக் கீழ போடுங்க."

எட்டு வருஷத்தில் மேனேஜரிடம் அவள் குரலை உயர்த்தியதே இல்லை. ஓடிவரும்போதே சிவகரன் எடுத்த போனில் ஸ்ம்ருதியின் குரல் கேட்டது. "சிவகரன், அவங்க சொல்றதுதான் கரெக்ட். டோன்ட் கனெக்ட் பண்ணாதீங்க, ப்ளீஸ்!" பதற்றத்தில் அவளுக்கு இரண்டு பாஷையும் ஒன்றாக வந்தது. சிவகரன் கேபிளைக் கீழே போட்டார்.

அதன் பிறகு பறந்தார்கள் பாருங்கள். கடையிலிருந்து புத்தம்புது லேப்டாப் முப்பது வந்து இறங்கியது. ஒன்றுக்கும் பழைய நெட்வொர்க் வாசனைகூட இல்லை. பெட்டியைத் தனியாக எழுப்பி, ஸ்ம்ருதி சொல்லச் சொல்ல, உள்ளே கள்ளத்தனமாக ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று பவளம் சல்லடை போட்டுச் சலித்தாள். பதினொன்றரைக்கு முதல் ஃபைல் திறந்தது. முழுசாக, சுத்தமாக! யாரோ கை தட்டினார்கள். பவளத்துக்குக் கண் கலங்கிவிட்டது, துடைக்க நேரமில்லை.

விட்டுப்போனது புதன்கிழமை ராத்திரிச் செய்திகள் மட்டும்தான். நாற்பத்தோரு ஊர் நிருபர்களும் நோட்டுப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, அவற்றைத் திரும்ப எழுதினார்கள். மத்தியானச் சாப்பாட்டை யாரும் நினைக்கவில்லை. யாரோ கொண்டுவந்த டோனட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் வேலை பார்த்தாள் பவளம்.

ஆறு மணி ஆயிற்று. திருடர்களுக்கு ஒருத்தரும் பதில் போடவில்லை. ஆறு பத்துக்கு ஒஹாயோ அச்சகத்திலிருந்து ஒரு வீடியோ வந்தது. அச்சு மெஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் தொழிலாளி ஒருவர் கட்டைவிரலை உயர்த்திச் சிரித்தார். ரூமில் எழுந்த கூச்சலில் கூரை பிய்த்துக்கொண்டு போயிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலையில் நாற்பத்தோரு ஊரிலும் பேப்பர் வந்துவிட்டது.

அன்றைக்குப் பத்து மணிக்கு டோனா பவளத்தையும் சிவகரனையும் வீடியோவில் கூப்பிட்டாள். அவள் பக்கத்தில் எச்.ஆர். பெண்மணியும் ஃபைலோடு உட்கார்ந்திருந்தாள். பவளம் மேஜைக்கடியில் கைகளைக் கோத்துக்கொண்டாள்.

"யார் சொல்லி அந்தக் கேபிள் கழற்றப்பட்டது?" என்றாள் டோனா.

சிவகரன் முந்திக்கொண்டார். "நான் சொல்லித்தான். எங்கள் டிபார்ட்மென்ட் நடைமுறை அது."

பவளம் திரும்பிப் பார்த்தாள். புள்ளி நகராத மனுஷன், அவளுக்காகப் பச்சைப் பொய் சொல்கிறார்! நெஞ்சு நெகிழ்ந்ததுதான். ஆனாலும் அவளால் அதை ஏற்க முடியவில்லை.

"அவர் சொல்லலை" என்றாள். "அவர் கூடாதுன்னு எழுதியே கொடுத்தார். அது எங்க ஆயுத பூஜை. அன்னைக்கு நாங்க மெஷினை ஓட்டமாட்டோம். திருடன் வருவான்னு எனக்கு ஜோசியமெல்லாம் தெரியாது. வராம இருந்திருந்தாலும் பிடுங்கியிருப்பேன்."

எச்.ஆர். பெண்மணி பேனாவை எடுத்தாள். டோனா அவளைக் கையால் தடுத்துவிட்டு, பவளத்தையே பார்த்தாள். "எல்லாமே எந்நேரமும் இணைந்திருக்க வேண்டும் என்று சட்டம் போட்டது நான். அந்தச் சட்டம் தப்பு. இப்போது நீங்கள் சொல்லுங்கள், எந்தப் பெட்டி எப்போது தனியாக இருக்க வேண்டும்?"

பவளம் கைகளை மேஜைமேல் எடுத்து வைத்தாள். "நகல் ஏறுற நேரம் போக, மத்த நேரமெல்லாம் ஏதாவது ஒரு பெட்டி தனியாத்தான் இருக்கணும். பூஜை வருஷத்துக்கு ஒரு நாள் போதும்."

"எழுதிக்கொடுங்கள். நாற்பத்தோரு ஊருக்கும் இனி அதுதான் சட்டம். பொறுப்பும் உங்களுடையது. உங்கள் கிரீன் கார்டுக்கு என்ன காகிதம் வேண்டுமானாலும் கம்பெனி கொடுக்கும்."

வெளியே வந்ததும் சிவகரன் தொண்டையைச் செருமினார். "உங்கட பூஜைக்கு அடுத்த வருஷம் எனக்கும் சொல்லுங்கோ."

"நீங்களா? கேபிளைப் பிடுங்கறப்ப கை நடுங்கக்கூடாது, சொல்லிப்புட்டேன்" என்றாள் பவளம்.

போன் அடித்தது. நஞ்சுண்டன். "என்னாச்சு? தூக்கிட்டாங்களா?"

"தூக்கிட்டாங்க" என்றாள் அவள், சிரிப்பை அடக்கமாட்டாமல். "தலைமேல தூக்கி வச்சுட்டாங்க!"