கடைசி வரிசைக்குப் பின்னால்

விமான நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் அவன் ஒன்பது வருஷமாகக் குப்பை கொட்டிக்கொண்டிருந்தான். முட்டி இடிக்கிறது, முதுகு ஒடிகிறது, முன்னால் இருப்பவர் சாய்ந்து என் மடியிலேயே வந்து படுக்கிறார் என்று ஊர்ப்பட்ட ஜனம் எழுதும். எல்லோருக்கும் ஒரே பதில்தான்: ‘இருக்கை நேரில் பரிசோதிக்கப்பட்டது. குறை எதுவும் இல்லை. தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்.’ நேரிலாவது, பரிசோதனையாவது. அவன் விமானத்துக்குள் கால் வைத்தே நாலு வருஷம் ஆகியிருந்தது. ஃபோனில் அழுபவர்களுக்கு இரண்டு நிமிடம். தாண்டினால் மேலாளர் கண்ணாடி அறையிலிருந்து முறைப்பார். அதனால் ஒரு நிமிடம் ஐம்பது நொடி ஆனதுமே அவன் விரல் தானாக அழைப்பைத் துண்டிக்கும் பட்டனுக்குப் போய்விடும்.

ஒரே ஒரு இருக்கை மட்டும் அவனுக்குச் சிரிப்பு மூட்டியது. ஐம்பத்திரண்டு ஏ, கடைசி வரிசை, ஜன்னலோரம். பின்னால் யாரோ முட்டியால் முதுகை அழுத்துவதாகப் பதினோரு பேர் எழுதியிருந்தார்கள். அந்த வரிசைக்குப் பின்னால் வெறும் சுவர். “சுவருக்கு ஏதுங்க முட்டி?” என்று பக்கத்து மேஜைக்காரரிடம் கேட்டுச் சிரித்தபடி, பதினோரு புகாரையும் மூடினான்.

அக்காவின் டிக்கெட் வந்தபோது சிரிப்பு நின்றது. அப்பா அம்மா போனபின் அவனை வளர்த்து ஆளாக்கியவள் அவள்தான். ஆறு மாதத்துக்கு முன்னால் அவள் முதுகில் நாலு ஸ்க்ரூ வைத்துத் தைத்திருந்தார்கள். இன்னொரு தடவை அங்கே அழுத்தம் பட்டால் நடப்பதே சந்தேகம் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். மகளின் பிரசவத்துக்குப் போயே தீருவேன் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். பதின்மூன்று மணி நேரப் பயணம். இருக்கை, ஐம்பத்திரண்டு ஏ. அதன் பக்கத்து இடத்தைத் தவிர விமானம் நிரம்பிவிட்டது.

அந்த வரிசையே வேண்டாம் என்று இருக்கை ஒதுக்கும் பெண்ணிடம் ஓடினான். அவள் கணினியைத் திருப்பிக் காட்டினாள். “சீட்ல கோளாறுன்னு இருந்தா யாரையாவது கெஞ்சி மாத்தலாம் சார். பதினோரு தடவ நேர்ல பாத்தேன், நல்லா இருக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே.”

திரும்பி வந்து, புகார் எழுதிய பதினோரு பேரில் ஒருவரை அழைத்தான். அவர் ஒரு தையல்காரர்.

“கடைசி வரைக்கும் அந்த முட்டி அழுத்திச்சுங்களா?” என்று கேட்டான்.

“இல்லைங்க. என்னை விட்டுப் போயிடுச்சு.” குரலில் நிம்மதி இல்லை. “எப்படிப் போச்சுன்னு கேளுங்க. தாங்க முடியாம நான் ஒரு வார்த்தை சொன்னேன். பக்கத்துல என் சம்சாரம்...”

“தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்” என்று அவன் வாய் சொன்னது. விரல் பட்டனை அழுத்திவிட்டது. தலையில் அடித்துக்கொண்டு மறுபடி கூப்பிட்டான். அவர் எடுக்கவில்லை.

பக்கத்து இடத்தைத் தனக்கு எடுத்துக்கொண்டான். ஏறியதும் அக்காவை அங்கே உட்கார வைத்து, ஜன்னலோரத்தில் தான் உட்கார்ந்தான்.

“கழுதை வயசாச்சு, இன்னும் ஜன்னல் சீட்டு கேக்குது இவனுக்கு,” என்றாள் அக்கா.

ஐந்து மணி நேரம் ஒன்றுமில்லை. சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துப் போனார்கள். அப்புறம் இரண்டு முட்டிகள் அவன் முதுகில் வந்து பதிந்தன. இடிக்கவில்லை. நெரிசலில் ஒருவர் ஒதுங்கி உட்காருவது போல, பதமாக. திரும்பி, இருக்கைக்கும் சுவருக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தான். நாலு விரல்தான் நுழைந்தது. எழுந்து நின்றான். நின்றபோதும் அழுத்தியது.

“பின்னாடி சுவருங்க சார்,” என்றாள் பணிப்பெண், அவன் கடிதங்களில் இருக்கும் அதே பணிவோடு.

எட்டரை மணி நேரம் ஆனபோது அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “போதும். போயிடு,” என்று பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தான்.

சொன்ன பேச்சு கேட்கும் பிள்ளை போல அது உடனே போய்விட்டது. உடம்பு பஞ்சானது. இதற்குத்தானா இத்தனை ஒப்பாரி என்று கண்ணை மூடினான்.

“தம்பி,” என்றாள் அக்கா. விறைத்து நிமிர்ந்திருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. “பின்னாடி யாருடா?”

தையல்காரர் சொல்ல வந்தது அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. சுவரைப் பார்த்து, என்னிடமே வந்துவிடு என்று கெஞ்சினான். அது அசையவில்லை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான். “அக்கா, போயிடுன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லு. போயிடும்.”

அவன் இன்னொரு கை இன்னும் தன் இடுப்பைத் தடவிக்கொண்டிருந்ததை அக்கா பார்த்தாள். மூன்றரை மணி நேரமாக அவன் நெளிந்ததையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

“உன்கிட்ட இருந்துதானே வந்துச்சு?”

அவன் இடுப்பிலிருந்து கையைச் சட்டென்று எடுத்தான்.

“அப்ப நான் சொல்ல மாட்டேன்டா,” என்றாள். இறங்க இன்னும் நாலரை மணி நேரம் இருந்தது.