நாலு பேர் உட்கார்ந்த வண்டி

தேன்மொழி அந்தக் காரை வாங்குமுன் எஞ்சின் சத்தத்தைக் கேட்டாள், டயரைத் தட்டிப் பார்த்தாள், அடியில் படுத்துத் துரு இருக்கிறதா என்றுகூடத் தேடினாள். சொந்த ஊரில் பண்ணைக்காரர் ரங்கையாவின் வீட்டெதிரே இருந்த மேடு மட்டும் அவள் நினைவுக்கு வரவில்லை.

பெங்களூரில் கார் உதிரி பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில், சோதனைப் பிரிவில் அவளுக்கு வேலை. ஆந்திரப் பக்கம் பாகாலாவிலிருந்து ரயிலேறிப் போன பெண், தன் சம்பளத்தில் டர்போ எஞ்சின் வைத்த கார் வாங்கியது அவள் வீடு இருந்த கீழ்த்தெருவில் பெரிய பேச்சாக இருந்தது. தரையோடு ஒட்டினாற்போல் ஓடும் கார். வளைவுகளில் துளியும் சாயாது. அதற்காகத்தான் அதை வாங்கினாள்.

ஊருக்கு ஒரே ஒரு சாலை. அது ரங்கையாவின் வீட்டைத் தாண்டித்தான் கீழ்த்தெருவுக்குப் போகவேண்டும். அரசாங்கம் தார் போட்ட வருஷமே ரங்கையா தன் சிமெண்டில், தன் வாசலுக்கு நேராக ஒரு ஸ்பீட் பிரேக்கர் கட்டிக்கொண்டார். அவர் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கன்றுக்குட்டிகள் அடிபடாமல் இருக்க என்று காரணம் சொன்னார். பஸ் ஏறும், டிராக்டர் ஏறும். கீழ்த்தெருவுக்கு அதுவரை கார் எதுவும் வந்ததில்லை.

கார் வந்த மறுநாள், நைனா கிருஷ்ணப்பா, அம்மா கங்கம்மா, தம்பி ஹரிபாபு எல்லோரையும் ஏற்றிக்கொண்டு பாகாலாவுக்குக் கிளம்பினாள். தான் முன்னால் நடந்துபோய் மேட்டுக்கு அந்தாண்ட ஏறிக்கொள்வதாக நைனா சொன்னார். அவள் சிரித்து, கையைப் பிடித்து உட்காரவைத்தாள். மேட்டின்மேல் காரின் அடிவயிறு உரசிய சத்தம் பல்லைக் கூசவைத்தது. திரும்பி வரும்போது நைனா மேட்டுக்கு முன்பே கதவைத் திறந்துவிட்டார்.

"நாங்க எறங்கி நடந்துக்கினு வர்றோம்மா. நீ ஓட்டிக்கினு போ."

மூவரும் இறங்கினார்கள். பாரம் குறைந்த கார் உரசாமல் தாண்டியது. வாசலில் நாற்காலி போட்டிருந்த ரங்கையா தெலுங்கில் ஏதோ சொல்லிச் சிரித்தார். வண்டி பெரிசுதான், ஆட்களை இறக்கிவிட்டுத்தான் நகரும் போலிருக்கிறது என்பது அதன் பொருள். கண்ணாடியில் பார்த்தாள். நைனா தோள் துண்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு அந்த வீட்டைக் கடந்துகொண்டிருந்தார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் இதுதான். தன் காரின் ஸ்பிரிங் நாலு பேரைத் தாங்காமல் தொய்வதால் நைனாவுக்கு இந்த நடை என்று அவள் உள்ளுக்குள் எரிந்துகொண்டிருந்தாள்.

பிறகு நைனாவுக்குத் திருப்பதி ஆஸ்பத்திரியில் முழங்கால் மாற்று ஆபரேஷன் ஆயிற்று. வாக்கர் இல்லாமல் நிற்கக்கூடாது, ஒரு மாதத்துக்குத் தெருவில் நடக்கக்கூடாது என்றார் டாக்டர். காலை நீட்டி முன் சீட்டில் உட்காரவைத்து நேராக வீட்டு வாசலில் இறக்கவேண்டும். உயரமான வேன் ஒன்றை வாடகைக்குப் பிடிக்கலாம் என்று ஹரிபாபு சொன்னான். பஞ்சாயத்து ஆபீசில் மேட்டைப் பற்றிக் கேட்டும் வந்திருந்தான். அங்கே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தவர் ரங்கையா.

வேன் பிடித்தால் காரியம் முடிந்துவிடும். அது தேன்மொழிக்கும் தெரியும். ஆனால் அவளுக்கு நெஞ்சு ஆறவில்லை. அந்த மனிதனின் கரும்புத் தோட்டத்தில் முதுகு ஒடிய வேலை செய்தவர் நைனா. இன்று தன் பெண்ணின் காரில் தன் வீட்டுக்குப் போக அவருக்கு வேறு வண்டி வேண்டுமா? அரசாங்கச் சாலையில் ஒருவன் சுவர் எழுப்புவான், எழுப்பியவனை விட்டுவிட்டு எல்லோரும் அவள் காரைக் குறை சொல்வார்களா?

சித்தூரில் ஒரு கடையில் விசாரித்தாள். காரை இன்னும் தாழ்த்தும் செட் மட்டும்தான் அவர்களிடம் இருந்தது. திருப்பதியில், ரேணிகுண்டா சாலையில் பவன்குமார் என்பவரின் கடைக்கு ஹரிபாபுவோடு போனாள். பவன்குமார் ஹரிபாபுவைப் பார்த்துத்தான் பேசினார். சாருக்கு எந்த மாதிரி லுக் வேண்டும், காலேஜ் பசங்களெல்லாம் இதைத்தான் போடுகிறார்கள் என்று படம் படமாகக் காட்டினார். வண்டி அக்காவுடையது என்று ஹரிபாபு சொன்ன பிறகும் அவர் முகம் அவன் பக்கமே இருந்தது.

அவள் மேட்டைப் பற்றிச் சொன்னாள். உடனே அவர் பேச்சை மாற்றி, ஸ்பிரிங்குக்கு அடியில் வைக்கும் அலுமினிய வளையங்களை எடுத்து மேஜைமேல் போட்டார்.

"இத்த வச்சா வண்டி ஜம்முனு தூக்கிக்கும். அரை நாள் வேலை."

"கம்பெனி குடுத்த ஒசரத்த மாத்தக்கூடாது. இதுக்குப் பேப்பர் இருக்குதா?"

"பேப்பரா? யாரு மேடம் டேப் வச்சி அளக்கப்போறாங்க?"

"ஆக்சிடென்ட் ஆனா இன்சூரன்ஸ்காரன் அளப்பான்." பிறகு, அவரிடம் சொல்லத் தேவையில்லாததையும் சொன்னாள். "அந்த மேட்டக் கட்டுனவரும் இப்படித்தான், யாரு கேக்கப்போறாங்கன்னு கட்டினாரு. அவரு தப்புக்கு நான் ஒரு தப்பு செஞ்சிதான் என் ஊட்டுக்குப் போவணுமா?"

பவன்குமார் முதல் முறையாக அவளை நேராகப் பார்த்தார். உள்ளே போய் வேறு பெட்டிகளைக் கொண்டுவந்தார்.

அதன் பிறகு பேச்சு வேகமாக நடந்தது. திருகி உயரம் மாற்றும் ஸ்பிரிங்குகளை அவள் தள்ளிவைத்தாள். அதிர்வைத் தாங்கும் டேம்பரில், ரேஸ் ஓட்டுகிறவர்களுக்கான விறைப்பான வகையையும் தள்ளினாள். ஆபரேஷன் செய்த காலுக்கு அந்தக் குலுக்கல் ஆகாது. கடைசியில் ஒரு ஜோடி ஸ்பிரிங்கை எடுத்தாள். காலியாக நிற்கும்போது காரின் உயரம் கம்பெனி கொடுத்த அளவிலேயே இருக்கும். பாரம் ஏற ஏற இறுகிக்கொள்ளும், தொய்யாது. அவள் காரின் மாடலுக்கே செய்தது, தயாரித்தவர்களின் சான்றிதழோடு வந்தது. அதற்கு ஏற்ற டேம்பரும் கிடைத்தது. மாட்டி முடித்ததும் சீட்டுகளில் அரிசி மூட்டைகளை ஏற்றி, கீழே படுத்து அளந்தாள். ஹரிபாபு மேட்டின் உயரத்துக்கு ஒரு கரும்புத் துண்டை வெட்டிக் கொண்டுவந்திருந்தான். நிறுத்திப் பிடித்த கரும்பு காரின் அடியில் தாராளமாகப் போய் வந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பிய அன்று வெயில் இதமாக இருந்தது. பின்சீட்டு குதிரைவண்டி மாதிரி தூக்கிப் போடுகிறது என்று சந்திரகிரி தாண்டும்வரை கங்கம்மா சொல்லிக்கொண்டே வந்தாள். கிருஷ்ணப்பா முன்னால் காலை நீட்டிச் சாய்ந்திருந்தார். ஊர் எல்லையில் புளியமரங்கள் தெரிந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். மேடு தெரிந்ததும் அவர் கை கதவுக்குப் போயிற்று.

"நிறுத்தும்மா. எறங்கிக்கிறேன்."

"வேணாம் நைனா. ஸ்பிரிங் மாத்திட்டேன். நாலு பேரும் உக்காந்துக்கினே போலாம்."

"ஏறும், எனக்குத் தெரியாதா. நீ நிறுத்து. அந்த வாக்கர எடுத்துக் குடு."

"ஏறும்னு தெரியுதில்ல. அப்புறம் எதுக்கு எறங்கணும்?"

கிருஷ்ணப்பா அந்த வீட்டைப் பார்த்தார். வாசலில் நாற்காலியில் ரங்கையா இருந்தார்.

"வண்டி ஏறுதா ஏறலியான்னு நான் என்னிக்கும்மா பாத்தேன்?"

தேன்மொழி பிரேக்கை அழுத்தினாள். கார் மேட்டுக்கு முன்னால் நின்றது. நைனாவின் இளமையில் கீழ்த்தெருக்காரர்கள் இந்த வீட்டெதிரே உட்கார்ந்து போகக்கூடாதென்று சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்கள் என்று அவள் கேட்டிருக்கிறாள். கதை போலக் கேட்டிருக்கிறாள். இத்தனை மாதமும் அவள் பாரத்தை அளந்தாள், இடைவெளியை அளந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனிதரிடம் ஏன் இறங்குகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோபம் ரங்கையாமேல் வந்தது, துண்டை இடுக்கிக்கொண்ட நைனாமேல் வந்தது, அதைக் கண்ணாடியில் பார்த்தும் ஸ்பிரிங்கையே நினைத்த தன்மேலும் வந்தது.

கதவுகளைப் பூட்டினாள். காரை மெல்ல ஏற்றினாள். முன்சக்கரங்கள் இறங்கின, பின்சக்கரங்கள் இறங்கின. அடியில் எதுவும் படவில்லை. ரங்கையா வாசல் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தாள்.

"இங்க எதுக்கும்மா," என்றார் நைனா.

அவள் நைனா பக்கத்து ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள்.

ரங்கையா எழுந்து வந்தார். நின்றபடி அவருக்குக் காரின் கூரைதான் தெரிந்தது. சுற்றிப் பார்த்துவிட்டு, தொடையில் கையை ஊன்றி, இடுப்பை மடித்து ஜன்னலுக்குள் முகத்தை நீட்டினார். நைனா எழப் பார்த்தார். கால் வரவில்லை, பெல்ட்டும் விடவில்லை. பாதி எழுந்த கைகள் மடியில் விழுந்தன.

கால் எப்படி இருக்கிறது என்று ரங்கையா தெலுங்கில் விசாரித்தார். இறங்கி நாலு அடி நடந்தால் ரத்தம் ஓடுமே என்றார். நைனாவுக்காகத் தான் பதில் சொல்லக்கூடாது என்று தேன்மொழி உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். குனிந்த நிலையில் ரங்கையாவின் மூச்சு வாங்கியது. அவ்வளவு நேரம் ஆயிற்று.

"டாக்டரு எறங்கக்கூடாதுன்னுட்டாரு," என்றார் கிருஷ்ணப்பா, உட்கார்ந்தபடியே.

ரங்கையா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நாற்காலிக்குப் போனார்.

தேன்மொழி எஞ்சினைக் கிளப்பினாள். இதைச் சொல்லக்கூட ஒரு டாக்டரின் துணை வேண்டியிருக்கிறது என்பது அவளுக்கு இன்னும் எரிந்தது.

"டாக்டரு ஒரு மாசம்தான் சொன்னாரு நைனா. அதுக்கப்புறம்?"

கார் கீழ்த்தெருவுக்குத் திரும்பியது.

"அப்பவும் நீ நிறுத்தாதம்மா," என்றார்.